படம் எடுக்காத ஞாயிறு

ஹோர்சன்ஸ், டென்மார்க்,
சித்திரை மாதம், திங்கட்கிழமை பின்னேரம்.

என் அன்பு மகள் சாரங்கிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை, விரலில் இருந்த காயம் ஆறிவிட்டது, சோறு கறி ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். அங்கே ஹொல்ஸ்டெப்ரோவில் நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும், ஆடிக்கொண்டிருக்கும் உன் முன்பல் நோகாமல் விழ வேண்டும், அம்மப்பாவுக்குப் பிரஷர் ஏறக்கூடாது, என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் ஏறக்கூடாது. உனக்கு இப்போது ஆறு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இப்போதுதான் 'அ' எழுதுகிறாய், அதையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி எழுதுகிறாய். ஆகவே இதை நீ இன்றைக்கு வாசிக்கப்போவதில்லை. அம்மாவிடம் கொடுத்து வைக்கிறேன். நீ வளர்ந்து எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிற காலத்தில் நான் உன் பக்கத்தில் இருந்தால் இதை வைத்து என்னைக் கேலி செய். பக்கத்தில் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்பதைக் கோயில் மண்டபத்தில் யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் என் எழுத்தில் வாசி. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சுற்றிவளைத்து எழுத எனக்கு வராது. அப்பா பயந்துபோய் இருக்கிறேன். பல மாதமாக இருக்கிறேன். போனில் ஒரு சத்தம் இருக்கிறது, அரசாங்கக் கடிதம் ஈ-பொக்ஸ் என்கிற மின்தபால் பெட்டியில் வந்து விழுந்தால் கேட்கிற சத்தம், அதைக் கேட்டவுடன் கையில் உள்ளதைப் போட்டுவிட்டுப் போனை எடுக்கிறேன். பல்வைத்தியர் நேரம் அறிவித்தாலும் அதே சத்தம்தான், மின்சாரக் கட்டணம் வந்தாலும் அதே சத்தம்தான். சத்தத்தை நிறுத்திப் பார்த்தேன், பிறகு சத்தமில்லாமல் வந்து கிடக்குமோ என்று ஓயாமல் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன், ஆகவே திரும்பப் போட்டுவிட்டேன். உனக்குத் தெரியும், நான் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற மெஷின்களின் மின்சார வேலை பார்க்கிறவன். மெஷின் நின்றால் திரையில் ஒரு பிழை இலக்கம் வரும், அதைப் பார்த்தால் எந்த சென்சர், எந்த வயர் என்று தெரியும், மாற்றிவிட்டு ஓடவிடலாம். இந்த விசயத்தில் எனக்கு ஒருவரும் இலக்கம் தருகிறார்கள் இல்லை. யாரைக் கேட்டாலும் உங்களுடைய நிலைமையைப் பொறுத்தது என்கிறார்கள். என் நிலைமை எனக்குத் தெரியும், அதனால்தானே கேட்கிறேன்.

நடந்தது இது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்தது உன் அம்மா சாருஜாவைக் கலியாணம் கட்டி. அம்மா இங்கே பிறந்து வளர்ந்தவர், இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர். எனக்குத் தந்தது அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறேன் என்பதற்கான வதிவிட அனுமதி. அந்த வாழ்க்கை முடிந்தால் அனுமதியையும் திருப்பி எடுக்கலாம். எழுத்தில் இருந்ததுதான், ஆனால் கலியாண வீட்டில் நிற்கிறவன் யார் அந்தப் பக்கத்தை வாசிக்கிறான். நானும் அம்மாவும் தட்டு எறிந்து சண்டை பிடித்துப் பிரியவில்லை. அவர் ஒரு கதையைத் தொடங்கினால் அவர் முடிப்பதற்குள் முடிவைச் சொல்லிவிடுகிற ஆள் நான், அதன் பிறகு கதைக்காமல் விட்டுவிடுகிற ஆள் அவர். அப்படியே கதைக்காமல் கதைக்காமல் ஒரு வீட்டுக்குள் இரண்டு குளிர்காலம் இருந்து பார்த்தோம். போன வருசம் தை மாதம் நான் வேலைக்குப் பக்கத்தில் இங்கே ஹோர்சன்ஸில் ஒரு அறை எடுத்துக்கொண்டு வந்தேன், நீயும் அம்மாவும் அம்மப்பா வீட்டுக்குப் போனீர்கள்.

அதை அன்றைக்கே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கவில்லை. அம்மப்பா தேவராசா கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர், மேற்கு யூலாந்துப் பகுதியில் எந்தத் தமிழ் வீட்டில் விசேசம் என்றாலும் அவருக்கு முதல் போன் போகும். எங்கள் இரண்டு பேரையும் தன் வரவேற்பறையில் இருத்தி, தேத்தண்ணி வந்த பிறகுதான் கதையை எடுத்தார். ஆவணியில் உன் சித்திக்குக் கலியாணம், மாப்பிள்ளை பகுதி சில்க்போர்க் ஆட்கள், மூத்தவளின் குடும்பம் உடைந்தது தெரிந்தால் இளையவளுக்கு என்ன ஆகும். ஆகவே கலியாணம் முடியும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது, விலாசம் மாற்றக்கூடாது, ஒரு அரசாங்கக் கந்தோருக்கும் போகக்கூடாது. 'மருமகன், சனம் என்னட்டை வந்துதான் தங்கடை வீட்டுப் பிரச்சினையைச் சொல்லுறது, நான் என்ரை வீட்டுப் பிரச்சினையைக் கொண்டுபோய் டெனிஷ்காரன்ரை மேசையிலை விரிக்கிறதோ' என்றார். உன்னைப் பற்றிக் கேட்டேன். 'பிள்ளையை நீங்கள் எப்ப வேணுமெண்டாலும் வந்து பாருங்கோ, ஆர் உங்களை மறிக்கப்போகினம், பெத்த தேப்பனுக்கு இதெல்லாம் எழுத்திலை வேணுமோ' என்று கேட்டுச் சிரித்தார். அம்மம்மா சூடாக ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார். சோதித்துப் பார்க்காமல் ஒரு ஆணிக்குக் கூட கையெழுத்துப் போடாதவன் நான். ரோல்ஸைத் தின்றுவிட்டு, ஓம் மாமா என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

இடையில் வைகாசியில் என் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. இன்னும் ஒன்றாக வாழ்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தது. ஓம் என்று நானும் கையெழுத்துப் போட்டேன், அம்மாவும் போட்டார். இன்னும் மூன்று மாதம்தானே, கலியாணம் முடியட்டும், பிறகு எல்லாவற்றையும் சரிப்படுத்தலாம் என்று இரண்டு பேரும் நினைத்தோம். ஆவணியில் ஹெர்னிங்கில் மண்டபம் எடுத்துக் கலியாணம் நடந்தது. அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, ஆகவே பெண்ணுக்குத் தமையன் செய்யவேண்டிய வேலை எல்லாம் மூத்த மருமகன் என் தலையில். பட்டு வேட்டி சால்வையோடு வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன், அவர் என் விரலில் மோதிரம் போட்டார். குடும்பப் படம் எடுக்கும்போது அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றார், நீ சிவப்புப் பட்டுப் பாவாடையில் நடுவில் நின்றாய். படக்காரர், 'அண்ணை அக்கா இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ, பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள் மாதிரி நிக்கிறியள்' என்றார். சனம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம், அந்தச் சிரிப்போடு படம் எடுபட்டது, எல்லாருடைய போனிலும் இருக்கிறது. பந்தி முடிந்ததும் வேட்டியைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நான் ரயிலேறி இந்த அறைக்கு வந்தேன். புரட்டாதியில் விலாசத்தை மாற்றினோம், பிரிந்ததைப் பதிந்தோம், எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று அம்மப்பா எனக்குப் போன் பண்ணி நன்றியும் சொன்னார்.

மார்கழியில் அந்தச் சத்தம் கேட்டது. குடிவரவு அலுவலகம். நான் தை மாதத்திலிருந்தே ஹோர்சன்ஸில் இருந்ததாகத் தகவல் கிடைத்திருக்கிறதாம், யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள், யார் என்று தெரியாது, தெரிந்தும் பயனில்லை. உண்மையில் எப்போது பிரிந்தீர்கள், பிள்ளையோடு உங்களுக்கு என்ன தொடர்பு இருக்கிறது, அனுமதியைத் திருப்பி எடுப்பது பற்றி யோசிக்கிறோம், பதில் எழுதுங்கள். அம்மாவுக்கும் தனியாக ஒன்று வந்திருந்தது. தொழிற்சாலைக் கழிப்பறைக்குள் நின்றுதான் வாசித்தேன், கதவைப் பூட்டிக்கொண்டு. அதன் பிறகு எனக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு சட்டம் சொன்னார்கள். கொம்யூனிடம், அதுதான் நகரசபையிடம், ஒரு சதம் வாங்கினாலும் அடுத்த பிளேன் என்றார் ஒருவர். சுகமில்லை என்று லீவு எடுத்தாலே உன்ரை பேர் கொம்பியூட்டரில் சிவப்பாக விழும் என்றார் இன்னொருவர். நான் படித்தவன்தான், ஆனால் பயம் வந்தால் படித்தவனும் நம்புவான். அந்தக் கிழமைதான் கன்வேயரில் விரல் அகப்பட்டு வெட்டியது. ஒருவருக்கும் சொல்லாமல் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு ரேப்பைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தேன். விரல் வீங்கி நகம் கறுத்துக் காய்ச்சல் வந்தது, அப்போதும் போனேன். என்னோடு வேலை செய்கிற பிரெய்ன், பெந்தகோஸ்தே சபைக்குப் போகிற பொடியன், என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'டேய் மச்சான், விரலையும் டென்மார்க்குக்குக் குடுத்திட்டுத்தான் போகப்போறியோ, நான் உனக்காகச் செபிக்கிறன், ஆனா முதல்லை டொக்டரிட்டை ஏறு' என்று தன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். டொக்டர் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எனக்கு விரலைக் காட்டியே விளங்கப்படுத்தினார். லீவு எடுத்தேன். எங்கேயும் சிவப்பாக ஒன்றும் விழவில்லை.

பிரெய்ன்தான் தன் தங்கை சோபனாவிடம் என்னைக் கூட்டிப்போனான். சோபனா ஓர்ஹூஸில் சட்டம் படித்தவர், இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற ஒரு இடத்தில் பின்னேரங்களில் இருக்கிறார். உனக்கும் இது பிறகு உதவும், ஆகவே எழுதுகிறேன்: வேலை செய்கிறவனுக்கு வருத்தம் வந்தால் கிடைக்கிற காசு ஒரு வகை, வேலை போனால் நீயே மாதாமாதம் கட்டிவந்த காப்புறுதியிலிருந்து வருவது ஒரு வகை, ஒன்றுமே இல்லாதவனுக்குக் கொம்யூன் கொடுக்கிற உதவி வேறு வகை. முதல் இரண்டும் உழைத்தவனின் உரிமை, அதற்குப் பயந்து விரலை அழுக விடுவது மடத்தனம். மூன்றாவது, என்னைப் போல் அனுமதியில் இருக்கிறவர்கள் கேட்டு விசாரித்துவிட்டுத் தொடவேண்டியது. சனம் இந்த மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிப் பயத்தைப் பரிமாறுகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு சோபனா, 'அண்ணா, பிரிஞ்சது பெரிய விசயமில்லை, வைகாசியிலை போட்ட கையெழுத்துத்தான் விசயம், அவையள் உங்களைக் கேட்டுக் கேட்டுப் பிடிக்க முதல் நீங்களே சொல்லுங்கோ' என்றார். சொன்னால் என்னை இருக்க விடுவார்களா என்றேன். தெரியாது என்றார். ஓமா இல்லையா என்றேன். 'நான் மெஷின் இல்லை அண்ணா' என்றார். என் பக்கத்தில் பலமாக இருக்கிறது நீதானாம், நீ இங்கே பிறந்தவள், உனக்குத் தகப்பன் வேண்டும் என்பதை அவர்கள் நிறுத்துப் பார்ப்பார்களாம். பிள்ளையைப் பார்க்கிறது எங்கே பதிந்திருக்கிறது என்று கேட்டார். எப்ப வேணுமெண்டாலும் வரலாம் என்று மாமா சொன்னவர் என்றேன். பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 'மாமா எண்டது எந்தத் திணைக்களம்?'

அதற்குப் பிறகுதான் நான் படம் எடுக்கத் தொடங்கினேன். உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. ஹொல்ஸ்டெப்ரோ ஸ்டேசனில் பெயர்ப் பலகைக்குக் கீழே உன்னை நிறுத்தி ஒன்று, ரயிலுக்குள் ஒன்று, என் அறை வாசலில் ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, திரும்பக் கொண்டுவந்து விடும்போது ஒன்று. திகதியும் நேரமும் விழுகிற மாதிரி போனைச் சரிசெய்து வைத்திருந்தேன். ஒருநாள் நீ டெனிஷில், படம் முடிந்த பிறகுதான் விளையாடலாமா என்று கேட்டாய். ஓம் என்றேன், அவசரத்தில். அது மட்டுமில்லை. யாராவது பெரியவர் உன்னோடு தனியாகக் கதைக்கவும் கூடும் என்று சோபனா ஒரு சொல் சொல்லியிருந்தார், நான் அதையே பிடித்துக்கொண்டு ரயிலில் உனக்குப் பாடம் நடத்தினேன். அப்பாவை ஒவ்வொரு கிழமையும் காண்கிறேன், அப்பா எனக்குச் சமைத்துத் தருவார், அப்பா இல்லாவிட்டால் எனக்குக் கவலையாக இருக்கும். திரும்பச் சொல்லு என்றேன். சொன்னாய். இன்னும் சத்தமாக என்றேன். சொன்னாய். பிறகு நீ என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, இதை நான் பிழையாகச் சொன்னால் நீங்கள் போகவேண்டி வருமா என்று கேட்டாய். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன், ஈரமான வயலும் காற்றாலையும் போய்க்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தபோது நீ தனியாக உதட்டை அசைத்து அசைத்து அந்த வசனத்தைப் பழகிக்கொண்டிருந்தாய், வெய்லவில் ரயில் மாறும்வரைக்கும் பழகினாய். அன்றைக்குத்தான் இது போதும் என்று எனக்குப் பட்டது. உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

என் குணம் தெரியும்தானே, முடிவெடுத்தால் உடனே போய்ச் சொல்லவேண்டும். அடுத்த முறை உன்னைக் கொண்டுவந்து விடும்போது அம்மப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் நயமாகத்தான் கதைத்தார். 'மருமகன், படம் இருக்குது! ஆவணியிலை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை சோடியா நிண்ட படம் இருக்குது, அதைக் குடுங்கோ, ஆர் என்ன சொல்லேலும்' என்றார். அது பொய் மாமா என்றேன். 'என்ரை பிள்ளையின்ரை கலியாணம் பொய்யோ' என்று எழும்பினார். நான் இருந்து பொறுமையாக விளங்கப்படுத்தியிருக்கலாம், எனக்கு அது வராது, நீங்கள் மறைக்கச் சொன்னதால் வந்த வினை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். 'அவளும்தானே கையெழுத்துப் போட்டவள்! முதியோர் இல்லத்திலை வேலை செய்யிற பிள்ளை, பொலிஸ் பதிவிலை ஒரு கீறல் விழுந்தாலும் அவளை உள்ளை விடுவினமோ? உம்மைக் காப்பாத்த என்ரை பிள்ளையை விழுத்தப் போறீரோ?' நீங்கள் என்று கதைக்கிற மனிதர் உம்மை என்றார். பிறகு, அப்படி எழுதுவதென்றால் இனி இந்தப் படி ஏறவேண்டாம் என்றார். சொல்லிவிட்டுக் கதிரைச் சட்டத்தைப் பிடித்துப் பிடித்துத்தான் திரும்ப இருந்தார். அவருக்கும் பயம், மகள், என்னைவிடக் கூட. நீ இதை வாசிக்கும்போது அவரைக் கோபிக்காதே.

அதற்குப் பிறகு கிழமைகள் போயின உன்னைக் காணாமல். ஞாயிறு வரட்டுமா என்றால் கோயிலுக்குப் போகிறோம், புதன் வரட்டுமா என்றால் பிள்ளைக்குத் தடிமன். எப்ப வேணுமெண்டாலும் வரலாம் என்ற சொல்லுக்கு இதுதான் பெறுமதி. எனக்குள் நடந்த கணக்கை உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். உண்மையை எழுதினால் கதவு பூட்டியபடியே இருக்கும், உன்னோடு தொடர்பு இல்லை என்றாகும், அப்போது என்னை அனுப்புவார்கள். பொய்யை எழுதினால் கதவு திறக்கும், உன்னைக் காணலாம், பிடிபடும்வரைக்கும். பதில் எழுத சோபனா அவகாசம் கேட்டு வாங்கித் தந்தார், உன்னோடு உள்ள உறவைப் பற்றி என் சொந்தச் சொல்லில் எழுதிக்கொண்டு வரச்சொன்னார். கொண்டுபோனேன். வாசித்துவிட்டு, 'அண்ணா, இது திருத்தின மெஷினுக்கு எழுதுற அறிக்கை, இதிலை சாரங்கி எங்கை' என்றார். எத்தனையோ தரம் இருந்து பார்த்தேன், உன் பெயரை எழுதியவுடன் கை நின்றது. காண விடாத பிள்ளையைப் பற்றி என்னத்தை எழுதுவது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது, ரயிலில் வருகிறோம், ஸ்டேசனுக்கு வாங்கோ. ஏதோ கெட்ட செய்தி, அதை நேரில் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ரயில் வர முதலே போய் மேடையில் நின்றேன். ரயில் கதவு திறந்ததும் முதலில் இறங்கியது உன் மஞ்சள் சைக்கிள், பிறகு அதைப் பிடித்தபடி நீ, பிறகு அம்மா. நீ ஓடிவந்து என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லை ஆட்டிக் காட்டினாய். அம்மா கோப்பிக்கடையில் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்து, நின்றபடியே சொன்னார். 'நான் என்ரை பதிலை வெள்ளிக்கிழமையே அனுப்பிப்போட்டன். தை மாசம் பிரிஞ்சது, வைகாசியிலை கையெழுத்துப் போட்டது, ஏன் போட்டது, எல்லாம் எழுதினனான். வேலையிலை மேலாளருக்கும் சொல்லிப்போட்டன். என்ரை அப்பா கத்தினவர், கத்தட்டும்.' என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்றேன். 'எங்கடை சீவியத்திலை ஒரு தரமாவது நீங்கள் முடிக்க முதல் நான் முடிக்க வேணும் எண்டு நினைச்சன்' என்றார். பயமில்லையா என்றேன். 'பயம்தான். நேற்று வேலையிலை ஒரு கிழவருக்கு ஒரே காலுக்கு ரெண்டு சொக்ஸ் போட்டுவிட்டனான்.' இரண்டு பேரும் சிரித்தோம், அந்தக் கலியாணப் படத்துக்குச் சிரித்த மாதிரி இல்லை. பிறகு, பிள்ளையைப் பார்க்கிற ஒப்பந்தத்தைத் தான் தொடங்கிவிட்டதாகவும், இங்கே சம்வேர் என்று சொல்வார்கள், புதன்கிழமையும் ஒன்றுவிட்ட சனி ஞாயிறும் என்று போட்டிருப்பதாகவும், நான் போய் ஒப்புக்கொண்டால் சரி என்றும் சொன்னார். நான் நன்றி சொல்ல வாயெடுக்க, மறித்தார். 'உங்களுக்கு விசா கிடைக்கிறதுக்கு நான் இதைச் செய்யேல்லை. இவள் பல்லுத் துலக்கேக்கையும் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு நிக்கிறாள். அதை நிப்பாட்டத்தான்.'

அதன் பிறகு என் அறைக்குப் பின்னால் இருக்கிற சைக்கிள் பாதைக்குப் போனோம். துணைச் சில்லு இரண்டையும் நான் கழற்றினேன். நீ ஏறி இருந்தாய், நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி பின்னால் ஓடினேன், இடுப்பு நாரி முறிகிற மாதிரி நொந்தது. விடவேண்டாம் விடவேண்டாம் என்று டெனிஷில் கத்திக்கொண்டு போனாய். போகப்போக, திடீரென்று, விடுங்கோ என்றாய். எனக்குக் கை வரவில்லை. விடுங்கோ அப்பா என்றாய் திரும்பவும், கோபமாக. விட்டேன். நீ போனாய். கொஞ்சம் ஆடி, நிமிர்ந்து, போய்க்கொண்டே இருந்தாய், உன் ஜாக்கெட் முதுகில் காற்று நிறைந்து உப்பியிருந்தது. பிரேக் போட மறந்துபோய் வளைவில் இருந்த செடிவேலிக்குள் நேரே போய் ஏறினாய். நாங்கள் ஓடிவர முதல் தலையில் இலையோடு எழும்பி நின்று, கண்டீங்களா கண்டீங்களா என்று கேட்டாய். அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. படம் எடுத்தீரா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் பயத்தில் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாராம்.

இன்றைக்கு மத்தியானம் என் பதிலையும் அனுப்பிவிட்டேன். உள்ளதை உள்ளபடி. கலியாணப் படத்தை வைக்கவில்லை. என் சொந்தச் சொல்லில் எழுதவேண்டியதையும் ஒருவாறு எழுதினேன், அங்கே கொஞ்சம்தான் எழுத முடிந்தது, மிச்சம்தான் இது. இனி முடிவு எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன், இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். இருக்கச் சொன்னால் புதன்கிழமை ஸ்டேசனுக்கு வருவேன். போகச் சொன்னால் எழுதக்கூடிய இடத்துக்கெல்லாம் மேன்முறையீடு எழுதுவேன், சோபனா விடமாட்டார், நானும் விடமாட்டேன். அதற்குப் பிறகும் போகவேண்டி வந்தால், ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கிறேன்: நீ சொன்னதாலோ சொல்லாமல் விட்டதாலோ எதுவும் நடக்கவில்லை. அந்த வசனத்தை மறந்துவிடு. உன்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவுமில்லை. கையெழுத்துப் போட்டது பெரிய ஆட்கள் நாங்கள்.

உனக்குச் சொல்ல வேறு பெரிய புத்திமதி ஒன்றும் என்னிடம் இல்லை. ஹெல்மெட் போடாமல் சைக்கிள் எடுக்காதே. அம்மா ஒரு கதை தொடங்கினால் முடிக்க விடு. அம்மப்பாவோடு தமிழில் கதை, அவர் கேட்கத்தான் இருக்கிறார். சொந்தக்காரர் வீட்டில் ரோல்ஸ் தந்தால் நன்றாகத் தின், ஆனால் வாசிக்காமல் எதற்கும் ஓம் சொல்லாதே. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கும் பயப்படாமல், நெடுங்காலம் நன்றாக இருக்க அப்பாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. நேற்று நடந்ததற்குப் படம் இல்லை, திகதியும் நேரமும் எங்கேயும் விழவில்லை. நான் பின்னால் ஓடிவந்ததும், நீ சொல்லித்தான் கையை விட்டதும் உனக்குத் தெரியும். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அப்பா,
கிருஷாந்த்

மறக்காதே: உன் சைக்கிளுக்குப் பிரேக் கையில் இல்லை, காலில். நிற்கவேண்டுமென்றால் பெடலைப் பின்பக்கமாக மிதி. செடிவேலி எல்லா இடத்திலும் இராது.